மழைத்தேனும் நட்சத்திரச் சொல்லும்

எனக்குக் கோபம் வந்தால் கை முதலில் ஓடிவிடும், புத்தி அடுத்த பஸ்ஸில்தான் வரும். இது என் கணவர் சொல்வது. இல்லை என்று நான் அவரிடம் சண்டை போட்டதும் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் அந்தக் கோபத்தில் ஒரு பெண்ணின் நல்ல பெயரைக் கெடுத்தேன். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கமிருந்து தேன் கொண்டுவந்து எங்கள் சந்தையில் விற்கிறவர் அவர். எனக்கு நன்மையைத் தவிர வேறெதுவும் செய்யாதவர். அந்தப் பெயரைத் திருப்பிக் கொடுக்க நான் பட்ட பாட்டையும், அவர் எனக்குக் கொடுத்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். நடுவில் செத்துப்போன ஒரு மொழியின் பெயர்ச்சொல்லும் கொஞ்சம் இலக்கணமும் வரும். பயப்பட வேண்டாம், அந்தச் சொல்லுக்கும் தேன் என்றுதான் பொருள்.

நான் ருஷ்ய மொழி சொல்லிக்கொடுக்கிறவள். ஆலங்காயத்தில் எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் என் கணவர் மோட்டாருக்குக் காயில் சுற்றும் கடை வைத்திருக்கிறார். மாடியறை என்னுடையது. டாக்டர் படிப்புக்காக ருஷ்யாவுக்குப் போகிற பிள்ளைகள் வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கமிருந்து வந்து மூன்று மாதம் உட்கார்ந்து படித்துவிட்டுப் போவார்கள். 'எங்கே வலிக்கிறது?' என்று நோயாளியைக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டால் என் வேலை முடிந்தது. இது போதாதென்று நாற்பத்தைந்து வயதில் எனக்கு ஒரு ஆசை வந்தது. போலந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், இங்கிருந்தபடியே முனைவர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டேன். என் வழிகாட்டி என்னைவிடப் பத்து வயது இளையவர். திரையில் அவர் முகம் தெரியும்போது அங்கே ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும், இங்கே எனக்கு வியர்த்து ஊற்றும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். ருஷ்யன், போலிஷ், செக், பல்கேரியன் எல்லாம் தனித்தனியாகப் பிரிவதற்கு முன்னால் அந்த மக்கள் பேசிய ஆதி ஸ்லாவிய மொழியில் தேனுக்கு இருந்த பெயர். அந்த மொழியை யாரும் எழுதிவைக்கவில்லை. கல்வெட்டும் இல்லை, ஏடும் இல்லை. அக்கா தங்கைகளின் முகங்களை வைத்து அவர்கள் அம்மாவின் மூக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று சொல்வது மாதிரியான வேலை. அப்படி ஊகித்து எழுதும் சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவது எங்கள் தொழிலின் வழக்கம். 'இதை நாங்கள் எங்கும் எழுதிப் பார்த்ததில்லை, இருக்கிறதை வைத்துச் சொல்கிறோம்' என்று அதற்கு அர்த்தம். இந்த நட்சத்திரம் என் கணவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "மோட்டாரு சாய்ந்தரம் ரெடி ஆயிடும்னு சொல்றப்ப நானும் இனிமே ஒரு ஸ்டார் போட்டுக்கறேன்" என்றார்.

தமிழில் எழுதினால் அந்தச் சொல் *மெது என்று வரும். நம்முடைய 'மெதுவாக'வுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கடைசி உகரம் முழுசாக ஒலிக்காது. 'காது', 'பாட்டு' என்று சொல்லும்போது உதட்டைக் குவிக்காமல் விட்டுவிடுகிறோமே, கிட்டத்தட்ட அந்தக் குற்றியலுகரம்தான். தனிக்குறிலுக்குப் பின்னால் வந்தால் அது முற்றியலுகரம் ஆயிற்றே என்று தமிழாசிரியர்கள் கேட்பார்கள். அது நம் சட்டம், ஸ்லாவியர்களைக் கட்டுப்படுத்தாது. இந்தச் சொல்லின் வேர் இன்னும் பழையது. வடமொழியின் மதுவும் லித்துவேனியரின் மெதுஸும் அதே வேரில் கிளைத்தவை. கிரேக்கத்தில் அது திராட்சை மதுவாக மாறியது. வடமொழி வழியாகத் தமிழுக்கும் வந்து, இன்று எச்சரிக்கை எழுதிய பாட்டிலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. தேனைத் தின்னும் கரடிக்கு அந்த மொழிகளில் இதே சொல்லிலிருந்து பெயர் வைத்த கதையைப் பற்றி எல்லோரும் எழுதித் தள்ளிவிட்டார்கள். நான் கரடியைத் தொடவில்லை.

எனக்குப் பிடித்தது அதன் இலக்கணம். ஸ்லாவியத்துக்கும் முந்தின மூல மொழியில் இந்தச் சொல் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. ஸ்லாவியத்துக்கு வருவதற்குள் சொற்களின் வால் ஒலிகள் உதிர்ந்து, எது ஆண், எது அல்ல என்கிற அடையாளம் அழிந்துபோனது. *மெது பேசாமல் ஆண்பாலோடு சேர்ந்துகொண்டது. அது சேர்ந்த வகுப்பும் ரொம்பச் சின்னது. மகன், வீடு, எருது, உச்சி, தேன் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். கொஞ்ச காலத்தில் அந்த வகுப்பே பெரிய வகுப்புக்குள் கரைந்து காணாமல் போனது. ஆனால் போகும்போது தன் விகுதிகளைப் பெரிய வகுப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனது. இன்று ருஷ்யனில் 'மாணவர்களின்', 'டாக்டர்களின்' என்று சொல்ல என் பிள்ளைகள் போடுகிற 'ஓவ்' என்ற விகுதி அந்தச் சின்ன வகுப்பின் சொத்து. யார் கொடுத்தது என்று தெரியாமலே கோடிப் பேர் வாயில் அது புழங்குகிறது. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இலக்கணப் புத்தகத்தைப் படித்து அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். ருஷ்யனிலும் போலிஷிலும் இந்த ஒரே சொல் தேனையும் குறிக்கும், தேனைப் புளிக்கவைத்துச் செய்யும் பானத்தையும் குறிக்கும். எது முதல் பொருள், எது பிறகு வந்தது? தேன்தான் முதல், பானம் பிற்பாடு தாவிய பொருள் என்று நாற்பது பக்கம் எழுதி அனுப்பினேன். ஓரத்தில் வழிகாட்டி ஒரே கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார். 'எந்தப் படியில் தாவியது? யார் தாவவைத்தார்கள்?' பதில் தெரியாமல் தினமும் காலையில் அந்தப் பக்கங்களை எடுத்துப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை.

அந்தச் சமயத்தில்தான் தேன் வாங்கினேன். தேனைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிறவள் வீட்டில் ஒரு சொட்டுத் தேன் இல்லை என்று கணவர் கேலி பண்ணினார். சந்தையில் வேப்பமரத்தடியில் அந்தப் பெண் உட்கார்வார். என் வயதுதான் இருக்கும். அவருடைய தங்கையை ஆலங்காயத்தில் கொடுத்திருக்கிறார்கள். அதனால் சந்தைக்கு முந்தின நாளே மலையிலிருந்து இறங்கி, தங்கை வீட்டில் தங்கி, காலையில் கடை விரிப்பார். தேன், புளி, பலாக்காலத்தில் பலாச்சுளை. அன்றைக்கு ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. பாட்டில் எல்லாம் விற்றுப்போய்விட்டன. ஒரு மூலையில் துணி கட்டிய பானை மட்டும் இருந்தது.

"அது தேன்தானே, அதுல குடுங்க" என்றேன்.

"வேணாங்க டீச்சர், அது மழைத்தேனு. தங்கச்சி வூட்டுக்கு எடுத்தாந்தேன். அடுத்த வாரம் நல்லதா கொண்டாரேன்" என்றார்.

இல்லை, எனக்கு இன்றைக்கே வேண்டும் என்றேன். அதே நேரம் செல்போனில் யாரோ ஒரு மாணவனின் அப்பா விசா பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு காதில் அவர், இன்னொரு காதில் இவர். இவர் ஏதோ சொல்லிக்கொண்டே என் பாட்டிலில் ஊற்றினார். நான் சரி சரி என்று தலையாட்டினேன். என்ன சொன்னார் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து பாட்டில் மூடியை நன்றாக இறுக்கி, மாடியறை அலமாரியில் மூன்றாம் அத்தியாயத்துக்கு மேல்தட்டில் வைத்துவிட்டு மறந்துபோனேன். பதினைந்து இருபது நாள் கழித்து ஒரு மத்தியானம், பிள்ளைகளுக்கு வினைச்சொல் நடத்திக்கொண்டிருந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம். மூடி எகிறிக் கூரையில் பட்டு விழுந்தது. பாட்டிலிலிருந்து நுரை பொங்கி, அலமாரி வழியாக வழிந்து, என் நாற்பது பக்கத்தையும் நனைத்தது. மறுநாள் காலையில் பார்த்தால் எறும்பு வரிசை. இன்றுவரை என் மூன்றாம் அத்தியாயத்தை முழுசாகப் படித்தவை அந்த எறும்புகள்தான்.

கோபம் வந்துவிட்டது. நுரையைப் போட்டோ எடுத்து, செல்போனில் எங்கள் ஊர் குரூப்பில் போட்டேன். தெருக்காரர்கள், கடைக்காரர்கள், பிள்ளைகளின் பெற்றோர் என்று ஊரில் பாதிப் பேர் அதில் இருக்கிறார்கள். 'வேப்பமரத்தடியில் விற்கும் மலைத்தேனை நம்பி வாங்காதீர்கள். சுத்தமான கலப்படம். சர்க்கரைப்பாகு நுரைத்துப் பொங்குவதை நீங்களே பாருங்கள்' என்று எழுதினேன். ஒரு சொல்லை ஊகித்து எழுதினால்கூட நட்சத்திரம் போடுகிறவள், ஒரு மனுஷியைப் பற்றி ஊகித்து எழுதியதற்கு எந்தக் குறியும் போடவில்லை.

குரூப் பற்றிக்கொண்டது. தண்ணீரில் விட்டுப் பாருங்கள் என்றார் ஒருவர். தீக்குச்சியை முக்கிப் பற்றவைத்துப் பாருங்கள் என்றார் இன்னொருவர். நல்ல தேனை நாய் நக்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. எதிர்வீட்டுக்காரர் என்னிடம் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டுபோய்த் தெருநாய்க்கு வைத்தார். அது தட்டையே தேய்த்துவிட்டது. 'நாய் நக்கிவிட்டது, கலப்படம் உறுதி' என்று அவர் வீடியோவும் போட்டார். அந்த நாய் எதைத்தான் நக்காது? ஒருமுறை என் கணவரின் கிரீஸ் டப்பாவையே நக்கியிருக்கிறது. அன்றைக்கு ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

அடுத்த சந்தையன்று மிச்சத் தேனோடு பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"இது இன்னா?" என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படியாகத்தான் கேட்டேன்.

அவர் மோந்து பார்த்தார். சுண்டுவிரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "புளிச்சிக்கிச்சிங்க. மூடிய இறுக்காதீங்க, துணி கட்டி வைங்க, பத்து நாளைக்குள்ள சாப்ட்டுடுங்கன்னு சொன்னேனே டீச்சர்" என்றார்.

"கதை விடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பெருமையாக வேறு இருந்தது.

அதற்கடுத்த வாரம் வேப்பமரத்தடி காலியாக இருந்தது. அதற்கும் அடுத்த வாரம் அங்கே ஒருவர் பிளாஸ்டிக் குடம் விற்றார்.

என் வழிகாட்டிக்கு அத்தியாயம் தாமதமாவதற்குக் காரணம் சொல்லவேண்டியிருந்தது. நடந்ததை வேடிக்கையாக எழுதி, நுரை பொங்கிய போட்டோவையும் அனுப்பினேன். சிரித்துப் பதில் போடுவார் என்று நினைத்தேன். அவர் எழுதியது இவ்வளவுதான்: 'என் மாமா தேனீ வளர்க்கிறார். ஈரம் வற்றாத தேனை இறுக்கி மூடினால் இப்படித்தான் புளித்துப் பொங்கும். விற்றவர் உங்களிடம் சொல்லவில்லையா?'

சொல்லவில்லையா? சொன்னார். நான் கேட்காமல் இருந்தபோது ஒரு தடவை, கேட்க மறுத்தபோது ஒரு தடவை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கீழே போய்க் கணவரிடம் சொன்னேன். எப்போதும் கேலி பண்ணுகிறவர் அன்றைக்குப் பண்ணவில்லை. "மலைக்குப் போய்ட்டு வா" என்றார்.

அந்தப் பெண்ணின் தங்கையிடம் ஊரைக் கேட்டுக்கொண்டு, திருப்பத்தூர் போய், அங்கிருந்து ஜீப்பில் பத்துப் பேரோடு நெருக்கிக்கொண்டு மலை ஏறினேன். சாமை அறுத்த நிலங்கள், புளியமரங்கள், அவற்றுக்கு நடுவில் அவர் வீடு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்துப் பாதி வழியிலேயே மன்னிப்பு கேட்க ஆரம்பித்தேன்.

"மொதல்ல உள்ள வாங்க. ஜீப்ல வந்தது இடுப்பு போயிருக்கும்" என்றார்.

வாசலில் அன்றைக்கு எடுத்த தேன் அடைகள் ஒரு முறத்தில் இருந்தன. அவர் கணவரும் கொழுந்தனாரும் மரப்பொந்திலிருந்து எடுத்து வருவார்கள். பிழிந்து வடிகட்டுவது இவர் வேலை. பேசிக்கொண்டே அடைகளை இரண்டு பங்காகப் பிரித்தார். சில அடைகளில் ஒவ்வொரு கண்ணும் மெழுகால் மூடியிருந்தது. சிலவற்றில் கண் திறந்து, உள்ளே தேன் தண்ணீராக மின்னியது. ஒவ்வொன்றையும் என் கையில் கொடுத்துக் காட்டினார்.

"பூவுலேந்து எடுத்தாரப்ப எல்லாமே தண்ணிதாங்க. ரெக்கையால விசிறி விசிறி காய வெச்சி, பதம் வந்ததும் அதுங்களே மெழுகு வெச்சி மூடிக்கும். மழையில சீக்கிரம் காயாது. மூடுனது பாட்டிலுக்குப் போவும். மூடாதத நான் விக்க மாட்டேன், வூட்டுக்கு வெச்சிப்போம். அதுங்க மூடாத தேனுக்கு நாம மூடி போடக்கூடாது."

துணி கட்டிய பானை ஒன்றைத் திறந்தார். லேசாக நுரைத்து, பழம் கனிந்த மணம் வந்தது. ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். இனிப்பும் புளிப்புமாக மூக்குக்கு ஏறியது. இதற்கு என்ன பேர் என்று கேட்டேன். என்னால் அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

"இன்னா பேரு? தேனுதான். போன வாரம் அப்டி இருந்திச்சி, இந்த வாரம் இப்டி இருக்குது."

நாற்பது பக்கத்தில் நான் தேடிய படி எங்குமே இல்லை. ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு யாரும் தாவவில்லை. ஒரே பானை, இரண்டு வாரம். காட்டில் எடுத்த தேனை வீட்டில் வைத்திருந்த எந்த ஸ்லாவியனுக்கும் அது தெரிந்திருக்கும். அகராதியில் மட்டும் வாழ்ந்தவளுக்குத்தான் அது புதிராக இருந்திருக்கிறது. சந்தோஷத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. ஏனென்றால் எனக்கு இதைக் கொடுத்தவருக்கு நான் என்ன செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் அவர் சொன்னார்.

பஸ் ரோட்டில் அவருடைய பாட்டில்களை வாங்கி வைத்திருந்த கடைக்காரர் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் இருந்த மகளிர் குழுவில், பாட்டிலில் குழுப் பேரை ஒட்டி விற்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தங்கையின் மாமியார் செல்போனைக் காட்டி, உங்க அக்கா இப்படியா என்று கேட்டிருக்கிறார்.

"தேனு போனா வேற தேனுங்க. தங்கச்சி அவங்க வூட்ல தல குனிஞ்சி நின்னுச்சாம். அதான் எனக்குத் தாங்கல" என்றார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது.

என்னிடம் பெரிதாக இருந்தது ஒன்றுதான். அதை எடுத்து நீட்டினேன். "நான் எழுதற புத்தகத்துல முதல் பக்கத்திலேயே உங்களுக்கு நன்றி எழுதறேங்க" என்றேன்.

"அது இன்னா பாஷையில வரும்?"

"போலிஷ்ல."

"எத்தினி பேரு படிப்பாங்க?"

யோசித்துப் பார்த்து, "அஞ்சு பேர்" என்றேன். உண்மையில் அதுவே அதிகம்.

"அந்த அஞ்சு பேரும் ஆலங்காயம் சந்தைக்கு வர்றாங்களா?" என்று கேட்டார். கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். பிறகு, "எங்க எழுதிக் கெடுத்தீங்களோ அங்கயே எழுதிடுங்க டீச்சர். எனக்கு அது போதும்" என்றார்.

மறுநாள் காலையில் எழுத உட்கார்ந்தேன். நாற்பது பக்கம் எழுதிய கைக்கு எட்டு வரி வரவில்லை. கடைசியில், 'தேன் குறித்து வெளியான தகவலில் தவறு நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம்' என்று ஒன்றை எழுதிக் கணவரிடம் காட்டினேன்.

"தப்பு பண்ணது யாரு? இதுல ஆளே காணமே" என்றார்.

"இதுவே போதும், எல்லாருக்கும் புரியும்."

"திட்றப்ப 'வேப்பமரத்தடி'ன்னு அட்ரஸ் எழுதினல்ல?" என்று சொல்லிவிட்டு அவர் காயில் சுற்றப் போய்விட்டார்.

சுருக்கென்று இருந்தது. அவர் மேல் கோபம்கூட வந்தது. ஆனாலும் எழுதியதை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். தப்பு செய்தது நான். விற்றவர் வேண்டாம் என்று சொன்ன தேனை நான்தான் அடம்பிடித்து வாங்கினேன். மூடியை இறுக்காதீர்கள் என்றார், நான் கேட்கவில்லை. அது நல்ல தேன், ஈரமான தேன். சர்க்கரைப்பாகு என்று நான் எழுதியது பொய். சந்தையில் நாலு பேருக்கு நடுவில் அவரை அவமானப்படுத்தினேன், அதற்கும் மன்னிப்பு கேட்கிறேன். பொத்தானை அமுக்கினேன்.

நான் திட்டியபோது குரூப்பில் இரண்டு நாள் பேச்சு ஓயவில்லை. மன்னிப்புக்கு மூன்று கட்டைவிரல் வந்தது. எதிர்வீட்டுக்காரர், 'அப்போ நாய் நக்கியது?' என்று கேட்டார். செய்தி போதாது என்று புரிந்துவிட்டது. மலைக்குப் போன் பண்ணி, வரும் சந்தைக்கு நீங்கள் வாருங்கள், நானும் உங்களோடு உட்கார்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நான் அடம்பிடித்தேன். அடம்பிடிப்பதில் எனக்கு நல்ல பழக்கம்.

அதற்குப் பிறகு நடந்த ஆய்வு வேலையை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். மூன்றாம் அத்தியாயம் நாற்பது பக்கத்திலிருந்து பதினொரு பக்கமாகச் சுருங்கியது. பொருள் தாவல் என்று எங்கெல்லாம் எழுதியிருந்தேனோ அங்கெல்லாம் அடித்துவிட்டேன். மூடாத அடை, மூடிய அடை, துணி கட்டிய பானை என்று புதிதாக ஒரு பகுதி சேர்ந்தது. 'நேரில் சொன்னவர், ஜவ்வாது மலையில் தேன் எடுக்கும் ஒரு பெண்மணி' என்று அடிக்குறிப்பு போட்டேன். வாய்மொழித் தேர்வில் கேட்ட முதல் கேள்வியே அந்த அடிக்குறிப்பைப் பற்றித்தான். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பட்டம் கிடைத்தது. என் வழிகாட்டிக்கு நான் என்றைக்கும் நன்றி உள்ளவள். அவர் என்மேல் குற்றம் சொல்லாமல் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டார், இரண்டு தடவையும்.

அந்தச் சந்தை நாளுக்கு வருகிறேன். காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். குடம் விற்கிறவரிடம் கெஞ்சி வேப்பமரத்தடியில் பாதி இடம் வாங்கினேன். சாக்கை விரித்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சந்தைக்கு வரும் பெற்றோர்கள் என்னைப் பார்த்து, டீச்சர் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று திகைத்து நின்றார்கள். நின்றவர்களிடமெல்லாம் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பத்தாவது தடவை சொல்லும்போது தொண்டை கட்டிவிட்டது. கணவர் கடையை விட்டுவிட்டு இரண்டு பேருக்கும் டீ வாங்கி வந்தார். எதிர்வீட்டுக்காரர் வந்து நாயைப் பற்றி ஆரம்பித்தார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் என் தொடையில் லேசாகத் தட்டினார். "சும்மா இருங்க டீச்சர், அவரு வாங்கத்தான் வந்திருக்காரு" என்றார் மெல்லிய குரலில். நிஜமாகவே அவர் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்.

பத்து மணி வாக்கில் ஒருவர் வந்து, பாட்டில் வேண்டாம், பானையில் இருப்பதைக் கொடுங்கள், அதுதான் பச்சைத் தேன் என்று பிடிவாதம் பிடித்தார். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒவ்வொரு விற்பனையும் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். "அது வேணாங்க, அது மழைத்தேனு" என்றார் அவர். என்னிடம் அன்றைக்குச் சொன்ன அதே குரல், அதே பொறுமை. இந்த முறை நான் ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார்.

வெயில் ஏறியபோது வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஒரு அம்மா வந்தார். கையில் பெரிய துணிப்பை. எங்கள் இரண்டு பேரையும் அவருக்குத் தெரியாது. தேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"இங்க யாரோ ஒரு டீச்சராமே. பாவம், ஒரு தேன்காரம்மாவப் பத்தி இல்லாததும் பொல்லாததும் எழுதி ஊரெல்லாம் பரப்பிட்டாங்களாம். எங்க அண்ணி சொன்னாங்க. அது நீங்கதானா? யாருங்க அந்த டீச்சரு?"

சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. கையை நீட்டிக் காட்டினால் போதும், நான் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பாட்டில் மேல் ஒட்டிய தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அவங்க நல்லவங்கதாங்க. அன்னிக்கு ஏதோ வேல டென்ஷன்ல இருந்தாங்க. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

அவ்வளவுதான் சொன்னார். நான் அவர் பெயரைக் கெடுக்க ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவர் என் பெயரைக் காப்பாற்றவும் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவும் தோன்றவில்லை.

"நான்தாங்க அந்த டீச்சர்" என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். அவர் குனிந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி, அடுத்த பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா துணிப்பையை விரித்துப் பிடித்து, "ரெண்டு குடுங்கம்மா" என்றார்.